தேதி போட்ட படங்கள்

எங்க அண்ணன் ஏழு நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சிடுவான். விக்கல் வந்தாலும் தண்ணி குடிக்க நிக்கமாட்டான். ஒரு மணிக்கு அவன் ஆபீஸ்ல மதிய இடைவேளை. ஒண்ணு ஏழுக்குக் கையில கேமராவோட ஆபீஸ் வாசல்ல இருப்பான், ஊர்க் கட்டடங்களைப் படம் எடுக்க நடக்கறதுக்கு. தினமும் காலையில எங்க வீட்டு வழியா வந்து டப்பா வாங்கிட்டுப் போறவன் அவன், கட்டிக் குடுக்கறவ நான். ஒரு நாளாவது "இன்னைக்கு நல்லா இருந்துச்சு"ன்னு சொன்னதுண்டா? "நேத்து என்ன வெச்சிருந்தேன், சொல்லு பார்ப்போம்"னு கேட்டா, "ஏதோ இருந்துச்சு பாப்பா"ன்னுவான். எனக்கு நாப்பத்தாறு வயசு. அவனுக்கு இன்னமும் பாப்பாதான்.

குடிநீர் ஆபீஸ்ல ரெக்கார்ட் ரூம் கிளார்க் அவன். அந்த ரூம் தரைக்குக் கீழ இருக்கு. ஜன்னல் கிடையாது. டியூப் லைட், இரும்பு அலமாரி, தூசி, இவன். ஒரு ஃபைல் வெளிய போனா அதுல தேதி முத்திரை குத்தணும், திரும்பி வந்தா இன்னொரு முத்திரை. காலையில உள்ள நுழைஞ்சதும் முத்திரையோட ரப்பர் எண்ணைத் திருப்பி அன்னைக்குத் தேதி வைப்பான். அதே கையோட கேமராவை எடுத்து அதுலயும் தேதி, நேரம் சரியா இருக்கான்னு பார்ப்பான். இருபத்தாறு வருஷ வேலையில அதை ஒரு நாளும் விட்டதில்ல. கல்யாணமும் பண்ணிக்கல. "பொண்ணு பார்க்கப் போகலாம் மச்சான்னு கூப்பிட்டா, லஞ்ச் டைம்னா வரேன்னுவான்"னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

அந்த நடைக்குன்னு ஒரு கணக்கு உண்டு. போக இருபத்தஞ்சு நிமிஷம், வர இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்குள்ள எது இருக்கோ அதான் அவனுக்கு ஊர். பழைய கோர்ட்டு, தபால் ஆபீஸ், லைப்ரரி, மணிக்கூண்டு, ரயில் நிலையத்தோட வளைவு, இரும்புப் பாலத்துல பாதி. பாலத்தோட அந்தக் கரைக்குப் போனா ரெண்டு மணிக்குத் திரும்ப முடியாதாம், அதனால பாதிப் பாலம்தான். "ஞாயித்துக்கிழமை போய் மீதியையும் எடுத்துட்டு வாயேன்"னு சொன்னா, ஏதோ தப்பான காரியத்துக்குக் கூப்பிட்ட மாதிரி முழிப்பான்.

எடுத்ததையேதான் திரும்பத் திரும்ப எடுப்பான். லைப்ரரி மூணாவது மாடிப் படிக்கட்டு ஜன்னல்ல நின்னா மணிக்கூண்டு நேரா தெரியும். மாசத்துக்கு ரெண்டு தடவை அதே ஜன்னல், அதே கூண்டு. "அது என்ன ஓடியா போகப்போகுது"ன்னு நான் கேட்டா, "கட்டடம் சும்மா நிக்குதுன்னு நினைக்கற. நிக்கல பாப்பா. காரை உதிரும், செடி முளைக்கும், யாராவது ஒரு போர்டு மாட்டுவான், ஒரு ஜன்னலை அடைப்பான்"னு ஆரம்பிச்சா விடமாட்டான். படம் பிரிண்ட் போட்டுத் தர ஸ்டுடியோக்காரர் ஒரு தடவை, "உச்சி வெயில்ல படம் எடுத்தா எப்படிங்க நல்லா வரும்? காலையில எடுங்க, சாயந்திரம் எடுங்க"ன்னு புத்தி சொன்னார். "எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் குடுத்திருக்காங்க"ன்னு இவன் பதில் சொன்னான்.

ஒவ்வொரு படத்தோட மூலையிலயும் ஆரஞ்சு கலர்ல தேதியும் நேரமும் விழும். ஒரு நாள் எடுத்ததெல்லாம் ஒரு கவர். கவர் மேலயும் அந்தத் தேதி. ஒரு கவர்லேந்து ஒரு படத்தைக்கூட எடுத்து வேற எங்கயும் வைக்கவிடமாட்டான். ஃபைல்லேந்து ஒரு தாளை உருவினா அந்த ஃபைலே செத்துப்போச்சுன்னு அவங்க ஆபீஸ் பாடம். எங்க வீட்டுச் சுவத்துல மாட்ட ஒரே ஒரு மணிக்கூண்டுப் படம் கேட்டேன். "தனியா இன்னொண்ணு எடுத்துத் தரேன், அந்த நாளைப் பிரிக்கக் கூடாது"ன்னுட்டான். இந்தப் பைத்தியக்காரத்தனம்தான் என் தலையில கல்லைப் போட்டுச்சு.

என் கதைக்கு வரேன். எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டினவர். ஒரு நாள் காலையில வலது கை, கால் ரெண்டும் இழுத்துக்கிச்சு, பேச்சும் போச்சு. அதுக்கப்புறம் வீடு என் தையல் மேல நின்னுச்சு. நான் கர்ட்டன் தைக்கறவ. சட்டை, பாவாடைன்னா ஒரு மூலையில உக்காந்து தைச்சிடலாம். கர்ட்டன் அப்படி இல்ல. ஹோட்டல் ஜன்னலுக்குத் துணியை விரிச்சு, லைனிங் போட்டு, மடிப்பு அளந்து வெட்டணும்னா பன்னண்டு அடி மேஜை வேணும். கீழ் வீட்டுல அவரோட கட்டிலைப் போட்டா நடக்கறதுக்கே இடம் இல்ல. அதனால மொட்டை மாடியில ஒரு ரூம் கட்டினேன். ஆகஸ்ட் மாசம். மேஜையை உள்ளயே வெச்சு அடிச்சாங்க. ரெண்டு ஹோட்டல் வேலை கிடைச்சுது. மூச்சு விட முடிஞ்சுது.

அந்த நவம்பர்ல மணிக்கூண்டுக்குப் பக்கத்துல இருந்த கிடங்கோட சுவர் இடிஞ்சு பஸ் ஸ்டாப்பு மேல விழுந்துச்சு. நின்னுட்டிருந்த ஒருத்தர் அங்கயே போயிட்டார். கிடங்கு ஓனர், "சுவர் நல்லாத்தான் இருந்துச்சு, அந்த வாரம் பெய்ஞ்ச மழையில திடீர்னு விழுந்துடுச்சு"ன்னு சாதிச்சார்.

அன்னைக்குச் சாயந்திரம் அண்ணன் எங்க வீட்டுக்கு வந்து உக்காந்தவன், குடுத்த டம்ளரைக் கையிலயே வெச்சிருந்தான். "பாப்பா, அந்தச் சுவத்துல விரிசல் இருந்துச்சு. மார்ச்லேந்து இருந்துச்சு. எட்டு மாசம் நான் அதைப் படம் எடுத்திருக்கேன். முதல்ல நூல் மாதிரி இருந்தது, அப்புறம் கட்டை விரல் போற அளவு. எப்படி வளருது பாருன்னு ரசிச்சிருக்கேன். ஒருத்தர்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல"ன்னான். அவன் அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

செத்தவரோட பொண்டாட்டி வழக்குப் போட்டா. அண்ணன் தானா போய், அந்த எட்டு மாசத்துக் கவரையெல்லாம் அவங்க வக்கீல்கிட்ட குடுத்துட்டான். விரிசல் படத்தை மட்டும் குடுக்கலாம் இல்ல? மாட்டான். நாளைப் பிரிக்கக் கூடாதே! முழுக் கவரையும் தூக்கிக் குடுத்தான். லைப்ரரிக்காரங்ககிட்ட கெஞ்சி, அந்தம்மாவுக்கு வாசல்ல பை வாங்கி வெச்சுட்டு டோக்கன் குடுக்கற வேலையும் வாங்கிக் குடுத்தான்.

இதுக்கு நடுவுல நகராட்சி ஒரு அறிவிப்பு ஒட்டுச்சு. அனுமதி இல்லாம கட்டின ரூமெல்லாம் போன ஜனவரிக்கு முன்னாடி கட்டினதா இருந்தா விட்டுடுவாங்க, அதுக்குப் பிறகுன்னா இடிப்பாங்க. என் ரூமுக்கு ஏழு மாசம் பிந்திப்போச்சு. தெருவுல எல்லாரும் முன்னாடியே கட்டினதா எழுதிக் குடுத்தாங்க, நானும் சத்தியம் பண்ணி பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுத்தேன். தப்புதான். படுத்திருக்கற மனுஷனையும் மேஜையையும் வெச்சுக்கிட்டு வேற என்ன செய்யறது? அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடல. சொன்னா தேதியைப் பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுப்பான்.

வழக்கு ஒரு வருஷம் கழிச்சு வந்துச்சு. அண்ணன் சாட்சி சொல்ற அன்னைக்கு நானும் துணைக்குப் போனேன். சட்டையை நான்தான் தேய்ச்சுக் குடுத்தேன். உள்ளுக்குள்ள பெருமைதான், இல்லேன்னு சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் கிறுக்கன்னு சிரிச்ச வேலைக்கு இப்போ நீதிபதி முன்னாடி மரியாதை. அந்தம்மா முன் பெஞ்சுல உக்காந்திருந்தா. நான் கடைசியில.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. கிடங்கு ஓனரோட வக்கீல் எழுந்தார். மெதுவாப் பேசற ஆள்.

"படத்துல இருக்கற தேதி சரியா?"

"சரிங்க."

"பேட்டரி தீர்ந்தா தேதி போயிடுமே?"

"தினமும் காலையில சரி பார்ப்பேங்க."

"ஒரு நாளும் தப்பினதில்ல?"

"இல்லீங்க."

அவர் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மார்ச் மாசம் எடுத்த மணிக்கூண்டு. "கூண்டுக்குப் பின்னாடி ஒரு மொட்டை மாடி தெரியுது, பாருங்க. வெறும் துணிக்கொடிதான் இருக்கு. ரூம் கிடையாது. ஆனா அதுக்கு முன்னாடி ஜனவரிக்குள்ளயே அங்க ரூம் இருந்துச்சுன்னு அந்த வீட்டுக்காரங்க சத்தியம் பண்ணி நகராட்சிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒண்ணு உங்க தேதி பொய், இல்லே அந்தப் பத்திரம் பொய். எதுங்க?"

அது என் மாடி. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டான் படுபாவின்னு நினைச்சேன். அந்த வக்கீலோட ஜூனியர் லைப்ரரி ஜன்னல்ல போய் நின்னு பார்த்திருக்கான். படத்துல இல்லாத ரூம் நேர்ல இருக்கே, யாரு வீடுன்னு விசாரிச்சிருக்கான்.

அண்ணன் அந்தப் படத்தையே பார்த்தான். அப்புறம் திரும்பிப் பின் பெஞ்சுல என்னைப் பார்த்தான். பத்திரம் எழுதின விஷயமே அவனுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். தேதி தப்புன்னு சொல்லிடு, கேமரா மக்கர் பண்ணுச்சுன்னு சொல்லிடுன்னு கண்ணாலயே கெஞ்சினேன். அவன் ஒரு வார்த்தை சொன்னா போதும், ரூம் எனக்கு. ஆனா விரிசல் படமெல்லாம் குப்பை.

"தேதி சரிதாங்க"ன்னான்.

"அப்போ பத்திரம் பொய்?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"வீடு யாருதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க"ன்னான்.

"உங்க தங்கச்சி வீடு இல்லையா?"

"இந்தப் படத்துல... எனக்குத் தெரியலீங்க."

வக்கீல் சிரிச்சார். "தினமும் காலையில சாப்பாடு வாங்கிட்டுப் போற வீடு கண்ணுக்குத் தெரியல. கிடங்குச் சுவத்து விரிசல் மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சரி, நீங்க போகலாம்." கோர்ட்டுல நாலு பேர் சிரிச்சாங்க. அண்ணன் கைப்பிடிக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினான்.

எனக்கு அவங்க சிரிச்சது காதுல ஏறல. தங்கச்சி வீடு தெரியாதுன்னானே, அதுதான் ஏறுச்சு. கூடப் பிறந்தவ சோத்தைத் தின்னுட்டு, ஊர் முன்னாடி அவ வீட்டையே தெரியாதுன்னுட்டான். அவனுக்குத் தேதி பெருசு, என்னைவிடப் பெருசுன்னு முடிவு கட்டினேன். மறுநாள் டப்பா கட்டல.

ரெண்டே மாசத்துல நகராட்சி என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புச்சு. எழுதின தேதிக்கு ஆதாரம் போதாதுன்னு ஒரு வரி. இடிக்க ஆறு பேர் வந்தாங்க. மேஜை படியில இறங்கல. உள்ள வெச்சு அடிச்ச மேஜை எப்படி இறங்கும்? ரெண்டா அறுத்தாங்க. வீட்டுக்காரர் கீழ கட்டில்ல படுத்துக்கிட்டு, ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார். பேச்சு வந்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பார்.

சரியா மதியம், இடைவேளை நேரத்துல அண்ணன் வந்து தெருவுல நின்னான். மேல நின்னு பார்த்தவளுக்கு ரத்தம் கொதிச்சுது. "வா! வந்து நல்லாப் படம் எடுத்துக்கோ! தேதி போட்டு வெச்சுக்கோ! இதுவும் கட்டடம்தானே, இதுவும் மாறுதே!"ன்னு தெரு முழுக்கக் கேக்கறா மாதிரி கத்தினேன். "உன் கேமராவும் நீயும் நாசமாப் போங்க"ன்னேன். அவன் கையில கேமரா இருந்துச்சான்னுகூட நான் பார்க்கல.

அதோட அவன் நடக்கறதை விட்டுட்டான்னு ஆபீஸ் ப்யூன் மூலமா கேள்விப்பட்டேன். மதியம் ரெக்கார்ட் ரூம்லயே இருக்கானாம். என் சாபம் பலிச்சுடுச்சுன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்களோ, ஆனா கொஞ்சம் இருந்துச்சு. மூணு வருஷம் பேசல. நான் வேற ஒருத்தர் கர்ட்டன் கடையில கூலிக்குத் தைக்கப் போனேன். அந்த வழக்கு என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கல.

போன மாசம் அந்தக் கடைக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார், ஆபீஸ் ஜன்னலுக்குக் கர்ட்டன் வேணும்னு. அந்தம்மாவோட வக்கீல்கிட்ட வேலை பார்க்கறவர். என்னை அடையாளம் கண்டுக்கிட்டார். அளவு சொல்லிட்டே, "உங்க அண்ணனை நம்பித்தானேம்மா இருந்தோம்"னார்.

"ஏன், தேதி சரின்னுதானே சொன்னான்?"

"தேதி சரின்னார். வீடு தெரியாதுன்னாரே! அங்கதான் கேஸ் விழுந்துச்சு. சொந்தத் தங்கச்சி வீட்டையே மறைக்கற ஆள் சொல்றதை எப்படி ஏத்துக்கறதுன்னு நீதிபதி படத்தையெல்லாம் ஒதுக்கிட்டார். ‘ஆமா, என் தங்கச்சி வீடுதான், அவ எழுதினது பொய்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம். நீங்க பொய்ச் சத்தியம் பண்ணதுக்கு உள்ள போயிருப்பீங்க." அவர் டேப்பைச் சுருட்டினார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தார். தெரியாத வேலை, வரல."

அந்தத் துணியில அன்னைக்கு மூணு இடத்துல தப்பா வெட்டினேன். கடைக்காரர் திட்டினார், திட்டட்டும்.

மறுநாள் மதியம் அண்ணன் ஆபீஸுக்குப் போனேன். படி இறங்கி ரெக்கார்ட் ரூமுக்குள்ள நுழைஞ்சேன். ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சுத் தின்னுட்டிருந்தான். மணி ஒன்றரை. ஏழு நிமிஷத்துல முழுங்கறவன், இன்னும் பாதிகூடத் தின்னு முடிக்கல. தலை முழுக்க வெளுத்துப்போச்சு.

"வா பாப்பா"ன்னான், நேத்துதான் பார்த்த மாதிரி. "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"இருக்கார்." எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. "அண்ணா, கோர்ட்டுல ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

தலையை ஆட்டினான். "கோபம் தீர்ந்துச்சா?"

பொய் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். "இல்ல"ன்னு வந்துடுச்சு. "ரூம் போச்சேண்ணா. எனக்கு இன்னும் எரியுது."

"எனக்கும் தீரல"ன்னான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கவரையெல்லாம் திரும்பப் பார்த்திருப்பேன். நாளைப் பிரிச்சாவது அந்தப் படத்தைக் கவர்லேந்து வெளிய எடுத்து வெச்சிருப்பேன். உனக்காகச் செஞ்சிருப்பேன் பாப்பா. நீ என்னைக் கேக்கவே இல்ல."

"நான் அன்னைக்கு மாடியிலேந்து வாய் விட்டேனே, அதுக்காகவா நடக்கறதை விட்ட? அதை மனசுல வெச்சுக்காதே, கேமராவை எடுத்துட்டுப் போ"ன்னேன்.

"நீ திட்டினதா?" சிரிக்கப் பார்த்தான். "நீ பொறந்ததுலேந்து திட்டறவதானே. அதுக்கெல்லாம் இல்ல." ரொட்டியைக் காகிதத்துல சுத்தி வெச்சான். "படம் எடுக்க இங்கேந்து எந்தப் பக்கம் போனாலும் லைப்ரரி வாசலைத் தாண்டணும். அந்தம்மா அங்க உக்காந்திருக்கா. என்னைப் பார்த்தா எழுந்து நிக்கறா பாப்பா. டோக்கன் வாங்க வரிசையில ஆள் நின்னாலும், விட்டுட்டு எழுந்து நிக்கறா. எத்தனை தடவை அதைப் பார்க்க முடியும்?"

ரெண்டு மணி பெல் அடிச்சுது. அவன் முத்திரையைக் கையில எடுத்துட்டான். நான் மேல ஏறி வந்தேன்.

பஸ்ஸுக்கு நானும் லைப்ரரி வாசலைத்தான் தாண்டணும். தலையைக் குனிஞ்சுட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். "நீங்க அவரோட தங்கச்சிதானே? கோர்ட்டுல பின்னாடி உக்காந்திருந்தீங்களே"ன்னு அந்தம்மாவே கூப்பிட்டா. எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அண்ணன் நல்லா இருக்காராம்மா? இந்தப் பக்கம் காணவே காணோம். கேஸ் தோத்ததுக்கு அவர் மனசு விட்டுட்டாரோன்னு எனக்கு ஒரே கவலை. நீதிபதி என்ன வேணா எழுதட்டும். உங்க அண்ணன் பொய் சொல்றவர் இல்லேன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவ கை என் கையை விடல. சொல்லிடணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அவர் பொய்தான் சொன்னார், எனக்காகச் சொன்னார், நான்தான் காரணம்னு. பின்னாடி ஒருத்தர் பையை வெச்சுட்டு டோக்கன் கேட்டார்.

"சரிங்க, சொல்றேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.